ஐஎஸ்ஐ இருக்கு பாருங்க சார்!

அக்கா மகனுக்குப் பிறந்தநாள். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில், பாட்டுப் பாடிக்கொண்டே ஓடும் பொம்மைக் கார் ஒன்றைக் கையில் எடுத்தேன். "ஐஎஸ்ஐ இருக்கு பாருங்க சார்" என்று கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். முத்திரை இருந்தது. அதன் மேலேயும் கீழேயும் ஒன்றுமே இல்லை.

நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். முத்திரைப் படத்தை எவரும் அச்சடித்துவிடலாம். அசலில் முத்திரைக்கு மேலே தர எண் இருக்கும்: சாதாரணப் பொம்மைக்கு ஐஎஸ் 9873, பேட்டரியில் ஓடுவதற்கு ஐஎஸ் 15644. கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். ஐஎஸ்ஐ முத்திரைக்கு உரிமம் தரும் அரசு அமைப்புதான் பிஐஎஸ். அந்த எண்ணை அதன் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்தத் தொழிற்சாலை, என்ன பொருள், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். எண் இருக்கிறதே என்று அதோடு விட்டுவிடாதீர்கள். வேறு பொருளுக்கான எண்ணாகவும் இருக்கலாம்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், 2019இல் இந்தியத் தர கவுன்சில் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. மறு வருடமே இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ கட்டாயம்.

அதற்காக 'மேட் இன் சைனா' என்று பார்த்ததுமே போலி என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. வெளிநாட்டுத் தொழிற்சாலையும் பிஐஎஸ் உரிமம் வாங்கலாம். "இம்போர்ட்டட் குவாலிட்டி" என்று சிஇ முத்திரையைக் காட்டினால் மயங்க வேண்டாம். அது ஐரோப்பியச் சந்தைக்கானது, இங்கே ஐஎஸ்ஐக்கு ஈடாகாது.

செல்போன் சார்ஜரில் ஐஎஸ்ஐ தேடுகிறவர்களும் உண்டு. அதற்கு முறையே வேறு. 'ஆர்-' என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். அதையும் அதே செயலியில் சரிபார்க்கலாம்.

இன்னொரு பக்கம், ஐஎஸ்ஐ இல்லையே என்று தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைச் சந்தேகப்படாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் விலக்கு இருக்கிறது.

ஆன்லைனில் வாங்கினால் பயமில்லை என்பதும் தப்புக்கணக்கு. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு ஆன்லைன் விற்பனைக் கிடங்கில் பிஐஎஸ் அதிகாரிகள் புகுந்து முத்திரையில்லாத பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள்.

சரி, அந்தக் காருக்கு வருவோம். கவிழ்த்துப் பார்த்தேன். பேட்டரி மூடிக்குத் திருகாணியே இல்லை, நகத்தால் நெம்பியதும் திறந்துகொண்டது. உள்ளே மூன்று பட்டன் பேட்டரிகள். குழந்தை அதில் ஒன்றை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடலாம். காரை அங்கேயே வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டேன். புகார் கொடுக்கவும் அந்தச் செயலியிலேயே வழி இருக்கிறது. முதல்முறை மாட்டினாலே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது 2 ஆண்டுவரை சிறை என்கிறது சட்டம். வாங்கிய பிறகு புகார் கொடுப்பதானால் பில் கையில் இருக்கட்டும். "பில் வேண்டாம், ஐம்பது ரூபாய் குறைச்சுக்கோங்க" என்பது நாமே வழக்கமாகச் செய்கிற தவறு.