நவோனா சதுக்கம்: நம்ம ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வாடிகனுக்குத் திருயாத்திரை போகும் குழுக்களோடு நான் மூன்று முறை ரோம் போயிருக்கிறேன். மூன்று முறையும் பயணத் திட்டத்தில் 'பியாட்சா நவோனா, அரை மணி நேரம்' என்றுதான் போட்டிருந்தது. பியாட்சா என்றால் சதுக்கம். அதுவும் மதியம் ஒரு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால். முதல் தவறே அதுதான். அந்தச் சதுக்கத்தில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வெயில் தாங்காமல் எல்லாரும் நடு நீரூற்றின் முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, எங்கே உட்காரலாம் என்று தேடக் கிளம்பிவிடுவார்கள். கடைசி முறை நான் பிடிவாதமாகக் காலை ஏழரை மணிக்கே அழைத்துப் போனேன். கடைக்காரர்கள் அப்போதுதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் சதுக்கத்தின் மறுமுனை வரை கேட்டது.

இரண்டாவது தவறு, நீரூற்றை ஒரே பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது. நம்ம ஊரில் கோயிலுக்குப் போனால் பிராகாரம் சுற்றாமல் வருவோமா? இதையும் அப்படித்தான் சுற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பது சிற்பி பெர்னினி வடிவமைத்து 1651-இல் திறக்கப்பட்ட 'நான்கு நதிகள்' நீரூற்று. அன்றைக்குத் தெரிந்த நான்கு கண்டங்களுக்கு ஒவ்வொரு நதி: ஆப்பிரிக்காவுக்கு நைல், ஐரோப்பாவுக்குத் தன்யூப், அமெரிக்காவுக்கு ரியோ தெ லா பிளாட்டா, நாலாவதாக ஆசியாவுக்கு நம்ம கங்கை. கையில் நீளமான துடுப்போடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர்தான் கங்கை. நமக்குத் தாயாக இருப்பவள் அங்கே ஆணாக இருக்கிறாள். ரோமானிய மரபில் நதிக் கடவுள்கள் ஆண்கள். எங்களோடு வந்த ஏற்காட்டுப் பெரியப்பா ஒருவர், காபித் தோட்டக்காரர், இதைச் சொன்னதும் அந்தச் சிலைக்கு நேராகப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். மற்றவர்கள் அதற்குள் பாதித் தூரம் போய்விட்டார்கள். அவர் நின்ற அந்த ஐந்து நிமிடத்தில்தான் நானும் முதல் தடவையாகத் துணி மூடிய முகத்தைக் கவனித்தேன். அது நைல். அதன் ஊற்றுக்கண் எங்கே என்று ஐரோப்பியர்களுக்கு அப்போது தெரியாது, அதனால் தலையை மூடிவிட்டார்கள்.

அந்த மூடிய முகத்துக்கு வழிகாட்டிகள் வேறொரு கதை சொல்வார்கள். எதிரே இருக்கும் புனித ஆக்னஸ் ஆலயத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் பொரோமினிக்கும் பெர்னினிக்கும் பகையாம். ஆலயத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நைல் முகத்தை மூடிக்கொண்டதாம், அது இடிந்து விழுந்துவிடுமோ என்று ரியோ தெ லா பிளாட்டா கையை உயர்த்தியதாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நம்பிவிடாதீர்கள். ஆலய வேலை தொடங்கியதே 1652-இல், அதாவது நீரூற்று திறந்து ஒரு வருடம் கழித்து.

இன்னும் சிலர் இந்த நீரூற்றையே ரோமின் இன்னொரு புகழ்பெற்ற நீரூற்றான திரேவி என்று நினைத்துக் காசு போடுகிறார்கள். காசு போடும் வழக்கம் திரேவியில்தான். இங்கிருந்து நடந்தால் கால் மணி நேரம். தண்ணீரில் காலை நனைப்பதும் வேண்டாம். முன்பு ஏறக்குறைய இருநூறு வருடங்கள், ஆகஸ்ட் மாத வார இறுதிகளில் வடிகாலை அடைத்து, சதுக்கம் முழுவதையும் குளமாக்கி, அதற்குள் குதிரை வண்டி ஓட்டியிருக்கிறார்கள். இன்று நீரூற்றுக்குள் இறங்கினால் சில நூறு யூரோ அபராதம்.

குடிக்கத் தண்ணீர் பாட்டில் வாங்குவதும் வீண் செலவு. அக்கம்பக்கத் தெருக்களில் நசோனே என்ற இரும்புக் குழாய்கள் உண்டு, பெயருக்குப் பெரிய மூக்கு என்று பொருள். 1874 முதல் ஊர் முழுக்க வைத்திருக்கிறார்கள். நல்ல குடிநீர், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால், வளைவின் மேலே உள்ள சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சும். குனியாமலே குடிக்கலாம்.

அப்புறம், கயிறு. சதுக்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்ட வருவார். நம்மவர்கள் உடனே கையை நீட்டிவிடுகிறார்கள், கோயிலில் நீட்டிப் பழகிய கை. கட்டி முடிந்ததும் காசு கேட்பார், விடமாட்டார். அந்த நேரத்தில் பையின் மேல் கவனமும் போய்விடும். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடப்பதே நல்லது.

காபி விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அங்கே ஒரே காபிக்கு இரண்டு விலை. கவுன்டரில் நின்று குடித்தால் ஒன்று, சதுக்கத்தைப் பார்த்தபடி மேஜையில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று மடங்கு, சில கடைகளில் அதற்கும் மேல். இது மோசடி கிடையாது, விலைப்பட்டியலிலேயே இருக்கும். சேவைக் கட்டணம் தனி என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் ஏழு பேர் பட்டியலைப் பார்க்காமலே உட்கார்ந்துவிட்டு, பில் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சேலத்தில் தட்டுவடை செட்டைத் தட்டில் வாங்கி, நின்றபடியே சாப்பிடுகிறவர்கள்தானே நாம்? இத்தாலிக்காரர்களும் காபியை நின்றபடிதான் குடிக்கிறார்கள். சில கடைகளில் முதலில் காசு கட்டி ரசீது வாங்கிக்கொண்டு கவுன்டருக்குப் போக வேண்டும்.

கேட்கும்போது பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா 'லாத்தே' என்று கேட்டார். வந்தது ஒரு கிளாஸ் வெறும் பால். லாத்தே என்றால் இத்தாலியனில் பால்தான். 'காஃபே' என்று மட்டும் சொன்னால் ஒரே மடக்கு எஸ்பிரஸோ வரும். நம்ம டபரா காபிக்கு ஓரளவு பக்கத்தில் வருவது கப்புச்சினோ, இல்லையென்றால் 'காஃபே லாத்தே'. அங்கே கப்புச்சினோ காலை நேரத்துக்கானது. மத்தியானம் கேட்டால் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள், ஆனாலும் தருவார்கள். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி என்று சொன்னதும் பெரியப்பா இன்னொரு எஸ்பிரஸோ வாங்கி, சர்க்கரை போடாமல், நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தார்.

போக்குவரத்துக்கு ஒரு வார்த்தை: மெட்ரோ அங்கே வராது. 64-ஆம் எண் பஸ் பக்கத்தில் விடும், ஆனால் அந்த பஸ் ஜேப்படிக்குப் பேர்போனது. டிக்கெட் வாங்கினால் போதாது, பஸ்ஸுக்குள் இருக்கும் மெஷினில் பதிய வேண்டும். மறந்தால் அபராதம்.

கிளம்பும் முன் வடக்கு முனைக்கு வெளியே போய்ப் பாருங்கள், இதைத்தான் கிட்டத்தட்ட எல்லாரும் தவறவிடுகிறார்கள். சதுக்கம் ஏன் இப்படி நீளமாக, ஒரு முனை வளைந்து இருக்கிறது என்பதற்குப் பதில் அங்கே இருக்கிறது. முதலாம் நூற்றாண்டில் தொமிஷியன் பேரரசர் கட்டிய விளையாட்டு அரங்கத்தின் மேல்தான் இவ்வளவும் எழும்பியிருக்கிறது. தேர்ப் பந்தயம் நடந்த இடம் என்பார்கள்; அது ஓட்டம், மல்யுத்தம் போன்ற போட்டிகளுக்கான அரங்கம். போட்டியைக் குறிக்கும் 'அகோன்' என்ற சொல்தான் மருவி நவோனா ஆனது. தோர் சங்குய்ஞா தெருவில் நின்று கீழே எட்டிப் பார்த்தால், இன்றைய வீடுகளுக்கு அடியில் பழைய கல் வளைவு ஒன்று தெரியும். அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம்.