சஃபாரியில் சிங்கத்தைப் படமெடுப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரெங்கெட்டி, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் என எந்தக் காட்டுயிர்ப் பூங்காவுக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது புல்லில் சரிந்து கிடக்கும் வயிறும் நான்கு கால்களும்தான். நல்ல படம் அது எழுந்து நடமாடும் சில நிமிடங்களில் அமையும். அந்த நிமிடங்களுக்குக் கேமராவும் வண்டியும் தயாராக இருக்க வேண்டும்.

படி 1: கொண்டு போக வேண்டியவை

100-400 அல்லது 150-600 மிமீ ஜூம் லென்ஸ் ஒன்று போதும். சிங்கம் வண்டியை ஒட்டியே நடந்து வரும்போது நீண்ட லென்ஸில் முகம் முழுதாக அடங்காது. அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதிவாகும் தகட்டில்) தூசி படியும். அதற்காகச் சிறிய லென்ஸ் மாட்டிய இன்னொரு கேமராவையோ, மொபைலையோ கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

வண்டிக்குள் டிரைபாட் விரிக்க இடமிருக்காது. தைத்த துணிப்பையை வெறுமையாகக் கொண்டுபோய், அங்கே 2 கிலோ அரிசியோ பயறோ நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: கிளம்பும் முன்பே செட்டிங்

ரா ஃபார்மேட் (பிறகு திருத்த வசதியான, கேமராவின் மூலப் பதிவு), தொடர் ஃபோகஸ் (நகரும் விலங்கை விடாமல் பின்தொடரும் ஃபோகஸ்), தொடர் கிளிக் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை அடுத்தடுத்துப் படமெடுப்பது). அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, இரண்டு மூன்று சிங்கங்கள் முன்பின்னாக இருந்தால் எல்லாம் துல்லியமாக வர எஃப் 8 அல்லது 11. ஷட்டர் வேகம் (ஒரு படம் பதிவாகும் நேரம்) படுத்திருக்கும் சிங்கத்துக்கு 1/500 நொடி, நடப்பதற்கு 1/1000, ஓட்டத்துக்கும் குட்டிகளின் விளையாட்டுக்கும் 1/2000. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை) ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பாக 6400 வையுங்கள். விடியற்காலையில் ஐஎஸ்ஓ கூடிப் படத்தில் புள்ளிகள் தெரியும் என்று பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம். அசைந்துபோன படத்தை மீட்க முடியாது.

விலங்கின் கண்ணைக் கண்டுபிடிக்கும் ஃபோகஸ் இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் உயரமான புல்லுக்குள் அது முன்னால் நிற்கும் புல்லைப் பிடித்துக்கொள்வதுண்டு. அப்போது ஒற்றைச் சிறு ஃபோகஸ் புள்ளிக்கு மாற்றி, நமக்கு அருகிலுள்ள கண்மீது வையுங்கள்.

கரும்பிடரி ஆண் சிங்கம் ஃபிரேமை அடைத்துக்கொண்டால், கேமரா காட்சியே இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.3 முதல் 0.7 வரை குறையுங்கள்.

படி 3: நேரம்

பூங்கா வாசல் திறந்ததும் உள்ளே இருங்கள். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள மாராவில் ஆண்டு முழுக்கக் காலை 6.30 மணியை ஒட்டியே சூரியன் உதிக்கும். முதல் இரண்டு மணி நேர வெளிச்சம்தான் அருமையானது. நடுப்பகலில் தரையிலிருந்து கானல் எழும். தூரத்துச் சிங்கம் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் மங்கலாகத்தான் வரும்.

படி 4: வண்டியை நிறுத்துமிடம்

படத்தின் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. நடக்கும் சிங்கத்தின் பின்னால் ஓடினால் வாலும் முதுகும்தான் கிடைக்கும். அது போகும் திசையை டிரைவரிடம் கேட்டு, வழியை மறிக்காமல், பக்கவாட்டில் சற்று முன்னால் போய்க் காத்திருங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். அதன் அதிர்வு ஜன்னல் வழியாக லென்ஸுக்கு ஏறும். கூரைத் திறப்பிலிருந்து எடுத்தால் சிங்கம் சிறுத்துத் தெரியும். ஜன்னலிலிருந்து, அதன் கண்மட்டத்தை ஒட்டி எடுங்கள்.

திறந்த ஜீப்பில் எழுந்து நிற்கவே கூடாது. வண்டியையும் ஆட்களையும் ஒரே உருவமாகப் பார்த்துப் பழகிய சிங்கத்துக்கு, தனியாக எழும் மனித உருவம் வேறு பொருள் தரும். க்ரூகரில் சொந்தமாக ஓட்டினால் சாலையை விட்டு விலகவோ வண்டியை விட்டு இறங்கவோ அனுமதியில்லை.

படி 5: சிங்கத்தைப் படியுங்கள்

அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டால் எழப்போகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வாய் பிரியத் தொடங்கும்போதே கிளிக்கைத் தொடங்குங்கள். கோரைப்பற்கள் முழுதாகத் தெரியும் உச்சத்தில் கண்கள் மூடியிருக்கும். கண் திறந்த படம் அதற்குச் சற்று முன்னோ பின்னோதான் அமையும்.

ஜோடி சேர்ந்த சிங்கங்களைக் கண்டால் அங்கேயே இருங்கள். சில நாட்களுக்கு, ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இணையும். முடிந்த கணத்தில் பெண் சிங்கம் சீறித் திரும்ப, ஆண் துள்ளி விலகும். அதற்கு 1/2000 வேண்டும்.

காது பின்னால் படிந்து, வால் சாட்டைபோல் வீசி, உறுமினால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். மெதுவாகப் பின்வாங்கச் சொல்லுங்கள். வேட்டைக்குப் பதுங்கும்போது வண்டியை அசைக்கவே வேண்டாம். நம் படத்துக்காக அதன் இரை தப்பக் கூடாது.

படி 6: மாலையில் சோதனை

படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். முன்புல் துல்லியமாகவும் முகம் மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறு. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஷட்டர் போதவில்லை. தூரத்துப் படம் மட்டும் நெளிந்து தெரிந்தால் அது கானல். மறுநாள் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள்.