திரையில் ஒரே போளூர், பைத்தானுக்கு இரண்டு

வேலூரிலிருந்து போகும் பஸ்களின் ஊர்ப்பட்டியலில் தேட பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்ன நிரல் எழுதினேன். ஆற்காடு, குடியாத்தம் எல்லாம் கிடைத்தன. போளூர் மட்டும் சிக்கவில்லை. நான் தட்டிய பெயரும் பட்டியலில் இருந்த பெயரும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுதான்.

ஸ்ட்ரிப் போட்டு இடைவெளி நீக்கினேன், ஃபான்ட்கூட மாற்றினேன். மூன்று நாள் போனது.

அப்புறம் எத்தனை குறிகள் என்று எண்ணும் லென் போட்டால் ஒன்றுக்கு 6, மற்றதற்கு 7! ஒவ்வொரு குறியாக, அதன் யூனிகோட் எண்ணைச் சொல்லும் ஆர்ட் போட்டேன். நான் தட்டிய ஓகாரக் குறி ஒரே எண், 3019. பட்டியலிலோ இரட்டைக்கொம்பு 3015, கால் 3006 என்று தனித்தனி. ஒகர, ஔகாரக் குறிகளும் இப்படிப் பிரியும். ஆற்காட்டில் இவை இல்லாததால்தான் அது தப்பித்தது.

ஒப்பிடும் முன் இரண்டு பெயரையும் யூனிகோட்டேட்டா என்ற பைத்தான் தொகுதியின் நார்மலைஸில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் 'என்எஃப்சி' கொடுத்து மாற்றினேன். போளூர் வந்துவிட்டது. அப்பாடா!