ரான்சம்வேர் வந்துவிட்டதா? ஃபார்மட் போடும் முன் இதைச் செய்யுங்கள்

போன ஐப்பசி மழையில் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ரான்சம்வேர், அதாவது பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், பிடித்தது. அப்பாவின் 9 வருஷத்துப் பச்சைத் தேயிலைக் கணக்கு, அக்கா கல்யாண போட்டோ, எதுவும் திறக்கவில்லை. பைல் பெயர்களின் கடைசியில் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு மிரட்டல் சீட்டு: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490. மச்சான் பென்டிரைவில் கொண்டுவந்த கிராக் சாஃப்ட்வேர் வழியாக நுழைந்திருக்கிறது. கடைக்காரர் ஃபார்மட் போடச் சொன்னார். நல்லவேளை, போடவில்லை.

1. நெட், பென்டிரைவ், ஹார்டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். கூகுள் டிரைவ் தானாக சிங்க் ஆகும்படி வைத்திருந்தால், பூட்டிய பைல்கள் அங்கேயும் ஏறிவிடும்.

2. சீட்டை போனில் படம் எடுங்கள். அதை அழிக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

3. வைரஸை முதலில் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்ட பைலை மறுபடி பூட்டும். என் ஓட்டு விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்குத்தான். அதிலுள்ள ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். அது முடிந்ததும் காலி ஹார்டிஸ்க் ஒன்றைச் செருகி, பூட்டிய பைல்களையும் சீட்டையும் காப்பி எடுங்கள். இனி எல்லா முயற்சியும் காப்பியில்தான்.

4. இனி நெட்டை மறுபடி இணைத்து, வந்தது எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். ‘நோ மோர் ரான்சம்’ தளத்தை நெதர்லாந்து போலீசும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கின. முழுக்க இலவசம். சீட்டையும் ஒரு பூட்டிய பைலையும் ஏற்றினால் வகையையும், திறப்பான் (பூட்டிய பைலைத் திறக்கும் சாஃப்ட்வேர்) இருந்தால் அதையும் காட்டும்.

இங்கேதான் எனக்கு இரண்டு நாள் போனது. அந்தத் தளமே திறக்கவில்லை. மழை பெய்தால் எங்கள் பக்கம் லைன் போவது வழக்கம், அதனால் லைனைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் யூடியூப் ஓடியது! வைரஸ் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பைலில் பாதுகாப்புத் தளங்களின் பெயர்களை எழுதி வழியை அடைத்திருந்தது. சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று வரிசையாக உள்ளே போனால் அந்தப் பைல் இருக்கும். நோட்பேடை ரைட் கிளிக் செய்து ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆகத் திறந்து, அதற்குள்ளிருந்து பைலைத் திறங்கள். சும்மா திறந்தால் சேவ் ஆகாது. வழக்கமாக அதில் எல்லா வரியும் # குறியோடுதான் தொடங்கும். குறி இல்லாமல் தளப் பெயர்கள் வரிசையாக இருந்தால் அழித்து சேவ் செய்யுங்கள். அவசரமென்றால் போனிலிருந்தே தளத்தைத் திறக்கலாம்.

5. எங்களுக்கு வந்தது ‘ஸ்டாப் டிஜேவியூ’ வகை. இதற்கு எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் திறப்பான் இருக்கிறது. சீட்டின் அடியிலுள்ள ஐடியின் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். அது ‘t1’ என்று இருந்தால் நம்பிக்கை உண்டு. வைரஸ் தன் சர்வரைப் பிடிக்க முடியாமல், கையிலிருந்த பொதுச் சாவியால் (பலருக்கும் ஒரே சாவி) பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அன்று லைன் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த மழைதான் அப்பாவின் கணக்கைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். வேறு எழுத்து இருந்தால் அது உங்களுக்கு மட்டுமான சாவி, இப்போதைக்குத் திறக்காது. அப்போதும் காப்பியை வைத்திருங்கள். பொதுச் சாவியாக இருந்தாலும் அது எம்சிசாஃப்டுக்குக் கிடைத்திருந்தால்தான் திறக்கும், சில மாதம் கழித்து மறுபடி முயலுங்கள். திறப்பானுக்கு நெட் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், இந்த வைரஸோடு பாஸ்வேர்டு திருடனும் சேர்ந்து வருவதுண்டு. பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரும் கொடுங்கள். பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்று உறுதி கிடையாது.

பிற்சேர்க்கை: குன்னூரிலிருந்து ஒருவர், சாவி கிடைக்கவில்லை, கல்யாண வீடியோவையாவது மீட்க முடியுமா என்று கேட்டிருந்தார். முடியலாம். இந்த வகை ஒவ்வொரு பைலிலும் முதல் 150 கேபி அளவுக்குத்தான் பூட்டுகிறது. பெரிய வீடியோவின் மீதிப் பகுதி அப்படியே இருக்கும். ‘மீடியா ரிப்பேர்’ என்ற இலவசக் கருவியிடம் அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுங்கள். அவருக்கு நான்கில் மூன்று வீடியோ ஓடியது.