பழைய பிக்அப்பில் செல்ஃபும் மீட்டரும் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால்

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றி ஓடுகிற பழைய டீசல் பிக்அப் என்னுடையது. போன மார்கழியில் விடியற்காலை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும், செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றாது. நாலைந்து தடவை திருப்பினால் ஒரு தடவை எடுக்கும். அதே வாரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: வண்டி ஓடும்போது ஹெட்லைட் போட்டால் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர் முள் மேலே ஏறும், அணைத்தால் இறங்கிவிடும். பட்டறையில் செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார்கள், ஹீட் சென்சாரும் புதிதாகப் போட்டார்கள். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால், எஞ்சினையும் சேசிஸையும் (வண்டியின் இரும்புச் சட்டம்) இணைக்கிற எர்த் பட்டை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, போல்ட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பு பிடித்து பாதி அறுந்திருந்தது.

இரண்டு கோளாறுக்கும் அந்த ஒரு பட்டைதான் காரணம். செல்ஃப் இழுக்கிற கரண்ட் நூறு ஆம்பியருக்கு மேல், அத்தனையும் எஞ்சின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஹெட்லைட் போட்டதும் டைனமோ கூடுதலாகக் கரண்ட் கொடுக்கிறது, அதுவும் அதே பட்டை வழியாகத்தான் சுற்றி வருகிறது. பட்டை கெட்டிருந்தால் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே அரை வோல்ட், ஒரு வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். ஹீட் சென்சாருக்கு எர்த் எஞ்சின்தான் என்பதால் அந்த முள் மட்டும் பொய் சொல்லும், டீசல் முள் அசையாது. எல்லா முள்ளும் சேர்ந்து ஆடினால் சந்தேகப்பட வேண்டியது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எர்த் ஒயரை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? நம் ஊரில் சமதளம் கிடைப்பதே கஷ்டம், ஆனாலும் முடிந்தவரை சமமான இடத்தில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிடுங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு டெஸ்ட் லாம்ப்பும் (கரண்ட் வந்தால் எரியும் சின்ன பல்பு) போதும்.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்ல சார்ஜ். 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பதெல்லாம் குழப்பும். உறைபனி விழும் நாட்களில் பேட்டரியின் தெம்பும் குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படும், அதனால் மத்தியானம் நன்றாக எடுக்கிற வண்டி காலையில் மட்டும் அடம்பிடிக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே பலவீனம்.

அடுத்து எர்த். டீசல் பம்பில் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டு (கரண்ட் வந்தால்தான் டீசலைத் திறந்துவிடும் வால்வு) ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிடுங்கள், அப்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் வெறுமனே சுற்றும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் அல்ல. இன்னொரு முனை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஒருவரை சாவி திருப்பச் சொல்லிப் பாருங்கள். 0.2 வோல்ட் அளவில் நின்றால் நல்லது, அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு. மீட்டர் இல்லாவிட்டால் ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்குப் போட்டுப் பாருங்கள், செல்ஃப் உடனே எடுத்தால் விடை கிடைத்துவிட்டது. ஆக்சிலரேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ செல்ஃப் அடித்தபின் சூடாக இருந்தாலும் இதே கதைதான், பட்டை வழியாகப் போக முடியாத கரண்ட் அந்தக் கேபிள் வழியாகப் போகிறது. எர்த் பட்டையைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இந்த மூடுபனியில் வாசலின் இல்லாத போல்ட் மறுபடியும் பச்சை பூக்கும்.

எர்த் நன்றாக இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லையா? செல்ஃபில் இருக்கும் மெல்லிய ஒயரில் டெஸ்ட் லாம்ப்பை வைத்து சாவியைத் திருப்புங்கள். எரியாவிட்டால், மங்கலாக எரிந்தால், சாவி ஸ்விட்சிலோ ரிலேயிலோ ஒயர்களை இணைக்கும் கப்ளரிலோ கோளாறு. சாவியை லேசாக ஆட்டும்போது டேஷ்போர்டு லைட் அணைந்து எரிந்தால் ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது, சாவிக்கொத்தில் ஏழெட்டு சாவி தொங்கவிடும் பழக்கம் இதற்கு ஒரு காரணம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால், கழற்றிய சொலினாய்டு ஒயரை மாட்டி, சாவியை ஆன் செய்யும்போது அதில் ‘டிக்’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அப்புறம் குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக்குகளுக்கு கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது நம் பக்கம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் கிடையாது, ஓரிரு மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும்.

மீட்டர்களில் ஒன்று மட்டும் தகராறு செய்தால் அதன் சென்சார் ஒயரைக் கழற்றுங்கள். ஹீட் முள் குளிர் பக்கம் இறங்க வேண்டும், அந்த ஒயரை ஒரு நொடி எஞ்சினில் தொட்டால் மேலே ஏற வேண்டும். எர்த் பட்டையும் நன்றாக இருந்து இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நல்லவை, சென்சார்தான் போயிருக்கிறது. எல்லா மீட்டரும் சேர்ந்து செத்தால் ஃபியூஸ். எல்லாமே அதிகமாகக் காட்டினால், பழைய டேஷ்போர்டுகளில் சுமார் 10 வோல்ட் கொடுக்கும் சின்ன ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும், அதையும் அதன் எர்த்தையும் பாருங்கள். டீசல் முள்ளை மேட்டில் நிறுத்திவிட்டு நம்பாதீர்கள், மிதவை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஹீட் முள் பொய் சொல்கிறது என்று நிச்சயமாகத் தெரியும் வரை அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும், ரேடியேட்டர் மூடி தளர்ந்திருந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போதே பொங்கிவிடும். ஆயில் லைட் ஓட்டத்தில் எரிந்தால் சோதனையெல்லாம் அப்புறம், உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.