ட்ரெண்ட் ஆற்றில் பார்பெல்: ஈப்புழுவுக்கு எந்த நரம்பு, எந்த முள்?

மோகனூரில் சின்ன வயதில் காவிரியில் தூண்டில் போட்டபோது நரம்பு வாங்குவது ஒரு வேலையே இல்லை. "மெல்லிசா, தடிசா?" என்று கடைக்காரர் கேட்பார், அவ்வளவுதான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமுக்கு வந்து பஸ் ஓட்ட ஆரம்பித்து, ஓய்வு நாளில் ட்ரெண்ட் கரையில் உட்காரப் பழகிய பிறகு ஒரு நாள் தூண்டில் கடைக்குப் போனேன். சுவர் முழுக்க நரம்புச் சுருள். எதை எடுப்பது என்று தெரிந்துகொள்வதற்குள் மூன்று சீசன் ஓடிவிட்டது, சில நல்ல மீன்களும் போய்விட்டன.

பார்பெல் நம் கெண்டைக் குடும்பம்தான். உருண்டு நீண்ட உடம்பு, கீழ்நோக்கிய வாய், அதைச் சுற்றி நான்கு மீசை. கூழாங்கல் தரையை மீசையால் தடவித் தடவி மேயும். ட்ரெண்டில் ஐந்தாறு பவுண்டு மீன் சாதாரணம், பத்து பவுண்டைத் தாண்டியதும் வரும். ஓடுகிற தண்ணீரிலேயே வளர்ந்த உடம்பு என்பதால் அதே எடையுள்ள குளத்து மீனை விட இரண்டு மடங்கு இழுக்கும்.

மேகட் என்று இங்கே விற்பது நீல ஈயின் புழு. அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. இவ்வளவு சின்ன இரைக்குப் பெரிய முள்ளும் தடித்த நரம்பும் போட்டால் புழு செத்த மாதிரி கிடக்கும், மீன் தொடாது. சின்ன முள்ளும் மெல்லிய நரம்பும் போட்டால் மீன் தொடும், ஆனால் கைக்கு வராது. என் இரண்டாவது சீசனில் நடந்தது இரண்டாவது வகை. செப்டம்பர் மாலை, சின்ன மீனுக்குக் கட்டியிருந்த மெல்லிய கம்பி 18 நம்பர் முள், 3 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு. அரை மணி நேரத்தில் கம்பு வளைந்தது. ஒரு நிமிடம் இழுத்திருப்பேன், திடீரென்று லேசாகிவிட்டது. சுற்றி எடுத்துப் பார்த்தால் முள் குண்டூசி மாதிரி நிமிர்ந்திருந்தது.

முதலில் ரீலில் சுற்றும் பெரிய நரம்பு. 10 பவுண்டு சாதா நைலான், அதாவது மோனோ, போதும். கனம் சுமார் 0.28, 0.30 மில்லிமீட்டர் இருக்கும். பாறையும் முங்கிய மரமும் இருக்கிற இடமென்றால் 12. பின்னல் நரம்பை நான் விட்டுவிட்டேன். மெல்லிசாக இருப்பதால் தண்ணீர் அதை அவ்வளவாக இழுக்காது, உண்மைதான். ஆனால் கூழாங்கல்லில் உரசினால் சீக்கிரம் பிய்கிறது. அதோடு கொஞ்சம்கூட நீளாது. மீன் தலையை ஒரு உதறு உதறினால் அந்த அதிர்ச்சி முழுவதும் சின்ன முள்ளுக்குத்தான் போகும். மோனோ கொஞ்சம் நீண்டு கொடுத்து அதைத் தாங்கிக்கொள்ளும்.

வாங்கும்போது சுருள் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். ஒருமுறை ஒரு கடையில் ஜன்னல் வெயிலில் கிடந்த சுருளைத் தள்ளுபடி என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து முடிச்சுப் போட்டு இழுத்தேன், நூல் மாதிரி அறுந்தது. வெயில் நைலானைக் கெடுத்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஆற்றங்கரையில் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி இரண்டு மீட்டரை நகத்துக்கும் விரலுக்கும் நடுவே ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டினால் அந்த அளவை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

அடுத்தது முள்ளைக் கட்டும் துண்டு நரம்பு. இங்கே ஹூக்லெங்த் என்பார்கள். பெரிய நரம்பில் கை வைக்காமல், மெல்லிசாக்குவதை இந்தக் கடைசித் துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 6 பவுண்டுக்குக் கீழே போகாதீர்கள். நான் 0.20 மில்லிமீட்டர் ஃப்ளூரோகார்பன், அதாவது தண்ணீரில் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாத நரம்பு, போடுகிறேன், தண்ணீர் கலங்கியிருந்தால் 0.23. பவுண்டை நம்புவதை விட மில்லிமீட்டரைப் பாருங்கள். ஒரே 6 பவுண்டு என்று அச்சடித்த இரண்டு பாக்கெட்டில் ஒன்று மற்றதை விடத் தடியாக இருக்கும். மீன் பார்ப்பது லேபிளை அல்லவே.

நீளம்தான் நாளுக்கு நாள் மாற வேண்டியது. தெளிந்த தண்ணீரில் ஒரு மீட்டரில் ஆரம்பிப்பேன். ஃபீடரிலிருந்து, அதாவது புழு நிரப்பி எறியும் ஓட்டை டப்பாவிலிருந்து, வெளியே வரும் புழுக்கள் நீரோட்டத்தோடு கீழே உருண்டு போகும். பெரிய மீன் பெரும்பாலும் ஃபீடருக்குப் பக்கத்தில் வராமல், கொஞ்சம் தள்ளி அந்த வரிசையின் வாலில்தான் நிற்கும். கம்பு நுனி துடிக்கிறது, மீன் மாட்டவில்லை, புழு மட்டும் சப்பிப்போட்டுத் தோலாகத் திரும்புகிறது என்றால் 60 சென்டிமீட்டருக்குக் குறையுங்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் 120-க்கு நீட்டுங்கள். மழைக்குப் பிறகு ஆறு டீ நிறத்தில் ஓடும்போது 45 போதும்.

முள். இதில் நம்பர் ஏற ஏற அளவு குறையும், முதலில் இது குழப்பும். இரண்டு புழுவுக்கு 16, மூன்றுக்கு 14. வளையம் வைத்த, தடித்த கம்பி முள்தான் வேண்டும். ட்ரென்னன் சூப்பர் ஸ்பெஷலிஸ்ட், கமசான் பி983 இரண்டையும் பல வருடமாகப் போடுகிறேன், ஒன்றுகூட நிமிர்ந்ததில்லை. சில தூண்டில் கிளப்புகளின் தண்ணீரில் எதிர்முள் இல்லாத முள் மட்டும்தான் அனுமதி, அனுமதி டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

புழுவைக் கோப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு முனை கூர், மறுமுனை மொண்ணை. மொண்ணை முனையில் கண் மாதிரி இரண்டு பழுப்புப் புள்ளி தெரியும். அது கண் இல்லை, மூச்சுத் துளை. கூர் முனைதான் தலை. லேசாக அமுக்கினால் மொண்ணை முனையில் தோல் சிறு மடிப்பாக எழும்பும். அந்த மடிப்பில் மட்டும் முள் நுனியை ஓட்டி எடுங்கள். சரியாகக் கோத்தால் புழு தொங்கிக்கொண்டு நெளியும். தப்பாகக் குத்தினால் சாறு வழிந்து காலிப் பையாகிவிடும். நல்ல புழுவே தொடர்ந்து வெடிக்கிறது என்றால் உங்கள் முள் மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

கோடையில் மின்னோ என்ற விரல் நீளப் பொடிமீன் அரை நிமிடத்தில் எல்லாவற்றையும் உரித்துவிடும். அப்போது ஒரு ரப்பர் புழு, ஒரு நிஜப் புழு என்று கோத்துவிடுவேன். பொடிசுகள் உரித்தாலும் ரப்பர் மிஞ்சும்.

ஃபீடர் என்பது இரண்டு பக்கமும் மூடிய, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் எடை. ட்ரெண்டுக்கு 60 கிராமிலிருந்து 90 கிராம் வரை கையில் இருக்கட்டும். தரையில் பாறை மாதிரி உட்காரும் எடையைத் தேடாதீர்கள். நட்டாற்றுக்குக் கொஞ்சம் கீழ்ப்பக்கமாக எறிந்து, ஃபீடர் தரை தொட்டதும் கூடுதலாக நரம்பை விட்டு ஆற்றில் ஒரு வில் வளைவு விழச் செய்யுங்கள். ஃபீடர் நழுவாமல் நிற்க வேண்டும், ஆனால் ஒரு சின்ன இழுப்புக்கு நகர்ந்துவிட வேண்டும். மீன் எடுத்ததும் ஃபீடர் பெயர்ந்து, வளைந்திருந்த கம்பு நுனி சட்டென்று நிமிரும். பல சமயம் அதெல்லாம் இல்லை, கம்பையே ஆற்றுக்குள் இழுத்துவிடும். தெர்மாஸைத் திறக்கத் திரும்பிய நேரத்தில் கம்பைப் பறிகொடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர். ரீலின் இறுக்கத்தைத் துண்டு நரம்பு அறுவதற்கு முன்பே சுருள் வழுக்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 6 பவுண்டு போட்டுவிட்டு இதை மறந்தால் எல்லாக் கணக்கும் வீண்.

முதல் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எறிந்துகொண்டே இருங்கள். புழுவோடு வேகவைத்த ஹெம்ப் (சணல்) விதையும் சேர்ப்பேன். மூன்று பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) புழு ஒரு பகலுக்குப் போதும். குளிர்காலத்தில் ஃபீடரின் பாதி ஓட்டைகளை டேப்பால் ஒட்டினால் புழு மெதுவாக வெளியேறும்.

ரிக், அதாவது நரம்பு, ஃபீடர், முள் எல்லாம் சேர்ந்த அமைப்பு, கட்டும் முறை. பெரிய நரம்பில் முதலில் அகலத் துளையுள்ள ஓடு வளையம் ஒன்றைக் கோத்துவிடுங்கள். அடுத்து ஒரு ரப்பர் மணி. பிறகு ஸ்விவல் என்ற சுழலும் இணைப்பைக் கட்டி, அதன் மறுமுனையில் துண்டு நரம்பு. ஃபீடரை ஓடு வளையத்தில் நேராக மாட்டாமல், 4 பவுண்டு நரம்பில் ஒரு சின்ன இணைப்புப் போட்டு மாட்டுங்கள். ஃபீடர் கல்லில் சிக்கினால் இணைப்பு மட்டும் அறுந்து மீன் உங்களிடம் வரும். பெரிய நரம்பே அறுந்துவிட்டால், ஓடு வளையம் அறுந்த முனை வழியாக நழுவிவிடும், மீன் ஃபீடரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். ஃபீடரை நகராமல் இறுகக் கட்டும் ரிக்குகளைப் பார்பெல் ஆற்றில் நான் தொடவே மாட்டேன். அறுந்த நரம்போடு ஒரு மீன் கிளையில் கட்டுண்டு கிடந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

முடிச்சு எதுவானாலும் இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூரோகார்பன் உலர்ந்து இறுகினால் சூட்டில் சுருண்டு பலம் போய்விடும். முள்ளுக்கு பாலோமர் முடிச்சு, ஸ்விவலுக்கு க்ரின்னர் முடிச்சு. கட்டியதும் முள்ளைக் கம்பு ஸ்டாண்டின் திருகில் மாட்டி ஒரு இழு இழுத்துப் பாருங்கள். அறுவதானால் அங்கேயே அறுந்து தொலையட்டும்.

புழு டப்பா பற்றியும் சொல்ல வேண்டும். நனைந்த புழு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டி ஏறும். மழையில் மூடி திறந்த டப்பாவைக் காருக்குள் வைத்துவிட்டு வீடு வந்தேன். இரண்டு வாரம் கழித்துக் கார் கதவைத் திறந்தால் ஈக்கூட்டம். என் மனைவி இன்று வரை பின்சீட்டில் உட்காருவதற்கு முன் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.

ஆற்றில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடக் கூடாது. 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். சின்ன ஈயக்குண்டுகள் 1987-லிருந்து தடை. பெரிய பார்பெல்லைக் குழம்புக்கு எடுத்துப் போக முடியாது, அதன் சினை வேறு வாந்தி பேதியில் விடும். பிடித்த மீனைத் தூக்கி வைத்துப் படம் எடுக்க அவசரப்படாதீர்கள். கடைசி மூச்சு வரை போராடிவிட்டுத்தான் வலைக்குள் வந்திருக்கும். வலையைத் தண்ணீரிலேயே வைத்து, தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் பத்து நிமிடம்கூட ஆகும். வால் வலுவாக உதைக்கும்போது வலையைச் சாய்த்துவிடுங்கள்.