பழைய மண்ணிலிருந்து விதை எடுப்பது எப்படி: ஒரு வாளி, ஒரு வலை, நூறு கசகசா

அகழாய்வுக் குழியைப் பார்க்கப் போகிறவர்கள் பானை ஓட்டையும் பாசிமணியையும்தான் தேடுவார்கள். பக்கத்தில் குவித்து வைத்திருக்கும் சாம்பல் மண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எதை விதைத்தார்கள், எதைக் குத்திப் புடைத்தார்கள், அடுப்பில் எதை எரித்தார்கள் என்பதெல்லாம் அந்த மண்ணுக்குள்தான் கிடக்கிறது. அதை எடுப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், வாளியும் தண்ணீரும் பொறுமையும் போதும்.

தொடங்கும் முன் ஒன்று: வயலில் முதுமக்கள் தாழி தெரிகிறது என்று நீங்களாகத் தோண்டிவிடாதீர்கள். அகழாய்வுக்கு அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். அதைவிட, எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத விதையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அனுமதி பெற்று நடக்கும் அகழாய்வில் தன்னார்வலராகவோ மாணவராகவோ சேருங்கள். அதுவரை வீட்டுக் கொல்லையில் பழகிக்கொள்ளலாம், அதற்கு ஒரு வழி கீழே சொல்கிறேன்.

சாதாரண விதை மண்ணில் சில வருடங்களில் மட்கிவிடும். அடுப்பில் தெறித்து விழுந்தோ, வறுக்கும்போது தீய்ந்தோ, காற்று சரியாகப் போகாத இடத்தில் கரிந்த விதை மட்டும் கரியாக மாறி, நுண்ணுயிர்கள் தின்ன முடியாததாகி, ஆயிரக்கணக்கான வருடம் அப்படியே கிடக்கும். அதனால் ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: நம் ஊர் மாதிரி வெப்பமான, ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் மண்ணில், கரியாத விதை கிடைத்தால் அது எறும்போ எலியோ வேரோ உள்ளே கொண்டுவந்த புது விதை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மூடிய பானைக்குள், தாழிக்குள் கிடைப்பது வேறு கதை. பழநி பக்கம் பொருந்தலில் ஓர் ஈமக்குழியில் இருந்த பானைக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது, காலக்கணிப்பு பொ.மு. (கி.மு.) 490 வாக்கில் என்று வந்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு பொ.மு. 1155 என்று வந்தது. இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தவை, அதனால் கையில் கிடைத்தன. ஒன்றரை மில்லிமீட்டர் கேழ்வரகும் சாமையும் குழியோரத்துச் சல்லடையின் கண் வழியாக நழுவி மண்மேட்டுக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பொறுக்கினால் வரலாறு முழுக்க நெல்லாகவே தெரியும் என்பதுதான் என் ஆதங்கம். பெல்லாரி பக்கம் சங்கனகல்லில் மண்ணை நீரில் மிதக்க வைத்துத் தேடியபோது, புதிய கற்கால மக்கள் உண்டதில் முதலிடத்தில் நின்றவை கன்னடத்தில் கொரலை எனப்படும் சிறுதானியம், தினைக்கு உறவான இன்னொரு புல், பாசிப்பயறு, கொள்ளு ஆகியவை. வாளி இல்லாமல் இது தெரிந்திருக்காது.

சரி, வேலைக்கு வருவோம். கறுப்பாகத் தெரியும் மண்ணை மட்டும் எடுப்பது எல்லோரும் செய்யும் தவறு. அடுப்பு, குப்பைக்குழி, வீட்டுத் தரை, குதிரின் அடி, பானைக்குள் இருக்கும் மண் என்று ஒவ்வோர் இடத்திலிருந்தும் தனித்தனியாக எடுங்கள், முடிந்தால் 20 லிட்டர், பானை என்றால் உள்ளே இருப்பது முழுவதும். லிட்டர் கோடு போட்ட வாளியில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைசியில் ஒப்பிடப்போவது ஒரு லிட்டர் மண்ணுக்கு எத்தனை விதை என்பதைத்தான். பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில். ஜெல் பேனாவில் எழுதி, ஈரம் பட்டு மை ஓடி, பதினோரு பை மண்ணை எந்தக் குழியுடையது என்று தெரியாமல் கொட்டியவன் சொல்கிறேன், பென்சில்.

மண்ணை நிழலில் உலர விடுங்கள், உலர்ந்த மண் தண்ணீரில் சீக்கிரம் கரையும். கரிசல் மண் கட்டி கட்டியாக நிற்கும், அதைக் கையால் நொறுக்கினால் விதையும் நொறுங்கும், அதனால் ஆப்பசோடா கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். அப்புறம் வாளியில் இரண்டு மூன்று லிட்டர் மண்ணைப் போட்டு, முக்கால் வாளி தண்ணீர் ஊற்றி, அடியிலிருந்து கையால் மெதுவாகக் கலக்குங்கள். கரி, விதை, உமி, வேர், நத்தை ஓடு எல்லாம் மேலே வரும். மணல் அடியில் இறங்க ஐந்தாறு நொடி விட்டு, மேல் தண்ணீரை மட்டும் கால் மில்லிமீட்டர் கண் உள்ள நைலான் வலையில் சாயுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் கடைகளில் இந்த மாதிரி வலை கிடைக்கும். கொசுவலை வேண்டாம், அதன் கண் பெரிது. மேலே எதுவும் மிதக்காத வரை தண்ணீர் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், ஐந்தாறு தடவையாவது ஆகும். பிறகு வலையை அப்படியே மூட்டையாகக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போட்டால் கரி வெடித்துத் தூளாகிவிடும். அடியில் தங்கிய கசடையும் வீசிவிடாமல் ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் அலசிப் பாருங்கள், கனமான பயறு சில சமயம் மிதக்காமல் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், மீன் முள்ளும் சின்னப் பாசியும்கூட.

உங்கள் கை எவ்வளவு சுத்தம் என்று தெரிந்துகொள்ள கசகசாதான் சரியான ஆள். சரியாக நூறு மணி எண்ணி, அலுமினியத் தாளில் மணலோடு பொதிந்து, கங்கில் வைத்துக் கரியாக்கி, கொல்லை மண்ணில் கலந்து, மேலே சொன்ன மாதிரி அலசிப் பாருங்கள். திரும்ப எத்தனை வந்தது? துறையில் இருப்பவர்களும் இதே கசகசா சோதனையைத்தான் செய்கிறார்கள். எனக்கு முதல் தடவை 41 வந்தது. பாதிக்கு மேல் தொலைந்தது, அவசரத்தில் அடி மண்ணையும் சேர்த்துச் சாய்த்ததால்.

காய்ந்ததை 2, 1, அரை மில்லிமீட்டர் சல்லடைகளில் பிரித்து, பத்து முதல் நாற்பது மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியின் கீழே, பூஜ்ய நம்பர் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக ஒதுக்குங்கள். அடையாளம் காண்பதற்குப் படத்தை நம்பாதீர்கள். மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் தானியம், பயறு, வயலோரக் களை விதை எல்லாவற்றையும் நீங்களே கரியாக்கி டப்பாவில் வைத்து ஒப்பிடுங்கள். கரிந்தால் தானியம் உப்பும், சுருங்கும், முளைக்கரு உதிர்ந்து குழி மட்டும் நிற்கும். தினையில் அந்தக் குழி மணியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை போகும், பனிவரகில் பாதியோடு நின்றுவிடும். நெல்லில் உமியின் அடிக்காம்பைப் பாருங்கள்: தானே உதிரும் காட்டு நெல்லில் தழும்பு வழவழப்பாக இருக்கும், அடித்துப் பிரித்த பயிர் நெல்லில் பிய்த்த மாதிரி கரடுமுரடாக இருக்கும்.

இந்த இடத்தில் பலர் சறுக்குவார்கள். அடுப்பில் கிடந்த விதை எல்லாம் மனிதர் தின்றது என்று எழுதிவிடுவார்கள். அடுப்பெரித்தது வறட்டியாக இருந்தால்? மாடு மேய்ந்த புல் விதை சாணத்தில் வந்து, வறட்டியோடு எரிந்து, கரியாகி அதே அடுப்பில் கிடக்கும். புல்லும் கோரையும் களையும் நிறைய, தானியம் கொஞ்சம் என்றால் முதலில் மாட்டை நினையுங்கள். அதே மாதிரி உமியும் களையும் நிறைய இருந்தால் புடைத்த இடம் அருகில் இருந்திருக்கலாம், சுத்தமான மணி மட்டும் கிடந்தால் சேமித்த இடமாகவோ சமைத்த இடமாகவோ இருக்கலாம். முறத்திலிருந்து பறந்தது எது, முறத்தில் நின்றது எது என்று தெரிந்த நம் ஊர்ப் பாட்டிகள் இந்த வேலையில் முனைவர்களை மிஞ்சிவிடுவார்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வயது தெரிய வேண்டும் என்றால் அருகில் கிடந்த விறகுக் கரியை விட்டுவிட்டு விதையையே அனுப்புங்கள். மரக்கரியின் உள்வளையம் எரிப்பதற்கு நூறு வருடம் முன்பே வளர்ந்ததாக இருக்கலாம், விதையோ ஒரே பருவத்தது. இப்போதுள்ள கார்பன் கணிப்புக்குச் சில மில்லிகிராம் போதும், ஒற்றை மணியே போதலாம்.

விதை சொல்வது வீட்டுக்குள் வந்ததை. ஊரைச் சுற்றிக் காடா, புல்வெளியா என்று கேட்டால் மகரந்தத்திடம் போக வேண்டும், அங்கே விதிகள் தலைகீழ். மகரந்தத்துக்கு நெருப்பு தேவையில்லை, காற்று படாத ஈரச் சேறு வேண்டும். வருடா வருடம் வற்றும் கண்மாயில் அது அழிந்துவிடும், அதனால்தான் மகரந்தம் தேடுகிறவர்கள் நீலகிரியின் சதுப்புக்கும் கடலோரக் கழிமுகத்துக்கும் போகிறார்கள். குழாயை இறக்கிச் சேற்றை நீளமாக எடுத்து, அடி எது மேல் எது என்று குறித்து, குளிரில் வைப்பது வரை நீங்கள் உதவலாம். மணலைக் கரைக்க ஹைட்ரோ ஃபுளோரிக் அமிலம் பயன்படுத்தும் கட்டத்தை மட்டும் ஆய்வகத்துக்கு விட்டுவிடுங்கள், அது தோல் வழியாக இறங்கி எலும்பின் கால்சியத்தையே பிடிக்கும். ஒரு மாதிரியில் முந்நூறு மகரந்தமாவது எண்ண வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பெரிய மகரந்தத் தொகுப்பு இருக்கிறது.

எண்ணியதும் உடனே கதை எழுதாதீர்கள். புல் காற்றில் மகரந்தத்தை வாரி இறைக்கும், பூச்சி தேடி வரும் மாமரம் கஞ்சத்தனமாகத் தரும், அதனால் மகரந்தம் இல்லை என்றால் மரமே இல்லை என்று பொருளாகாது. நெல் மகரந்தத்தைக் காட்டுப்புல் மகரந்தத்திலிருந்து பிரிப்பதும் பெரும்பாடு, அதற்கு இலையிலும் உமியிலும் இருக்கும் சிலிக்கா துகள்களைத் தேடுவதே மேல். ஈராக்கின் ஷானிதர் குகையில் நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தவர் ஒருவரின் உடலைச் சுற்றி மகரந்தக் கொத்துகள் கிடைத்தன, 1975இல் அதைப் பூவைத்துப் புதைத்ததாக எழுதினார்கள், பிறகு வந்தவர்கள் அது வளை தோண்டும் எலியோ தேனீயோ கொண்டுவந்ததாக இருக்கலாம் என்றார்கள்.

நீலகிரிச் சேறு ஒரு நல்ல பாடம். சோலை எனப்படும் மலைக்காட்டுத் திட்டுகளுக்கு நடுவே இருக்கும் புல்வெளி மனிதர் காட்டை வெட்டி உண்டாக்கியது என்று வெகுநாள் பேச்சு இருந்தது, ஆனால் சுமார் 20,000 வருடத்துக்கு முந்தைய சேற்றிலேயே புல்லின் தடம் அடர்த்தியாக இருக்கிறது. அதே சேற்றின் மேல்பகுதியில் தைலமரத்தின் முக்கோண மகரந்தம் தென்படும். அந்த மரம் அங்கே வந்தது 1840களில், எனவே அது கிடைக்கும் சேறு அதற்குப் பிந்தையது. எண்ணத் தொடங்கும்போது முதலில் அந்த முக்கோணத்தைத் தேடி, மேலிருந்து கீழே போகும்போது கடைசியாக எத்தனையாவது சென்டிமீட்டரில் பார்த்தீர்களோ அதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.